பிள்ளைகள் ஒன்றாகத் துக்கப்படவும் இடம் கொடுங்கள்

கொழும்பில் சிங்கள, தமிழ் மொழிமூலங்கள் இரண்டும் உள்ள பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே சீருடை, ஒரே பாடசாலைக் கீதம், ஒரே சிற்றுண்டிச்சாலை. ஆனாலும் தரம் 1 இல் தமிழ் மொழிமூலத்தில் சேர்ந்த பிள்ளையும், பக்கத்துக் கட்டடத்தில் சிங்களத்தில் படிக்கும் பிள்ளையும் உயர்தரம் முடிக்கும்வரை ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே இருந்துவிட முடிகிறது. மொழிமூலத்தை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. தாய்மொழியில் படிப்பது பிள்ளையின் உரிமை. நான் கேட்பது வேறு. பிக் மெட்ச் என்ற வருடாந்தப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி வந்தால் இந்தப் பிள்ளைகள் ஒரே கொடியைப் பிடித்து, ஒரே பப்பரே வாத்தியத் தாளத்துக்கு ஆடுகிறார்கள். சேர்ந்து சந்தோசப்பட இடம் கொடுத்திருக்கிறீர்கள். சேர்ந்து துக்கப்படவும் கொடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் மகனின் வகுப்புத் தோழன் ஒருவனின் தகப்பனார் காலமானார். பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தார்கள். தமிழ் வகுப்பு முழுவதும் வந்தது. சிங்கள வகுப்புகளிலிருந்து வந்தவர்கள் அவனோடு கிரிக்கெட் ஆடிய நாலைந்து பேர் மட்டும்தான். மற்றவர்களுக்குச் செய்தியே போகவில்லை. வந்த பையன்களுக்கு அந்தத் தாயிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் கடைசிவரை நண்பனின் பக்கத்தை விட்டு நகரவேயில்லை. தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்தவனாம், பிறகுதான் அறிந்தேன்.

ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்று ஒரு கிராமம். நம் உடப்பில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதைப்போல் அங்கேயும் ஜூன் மாதத்தில் தீ மிதிக்கிறார்கள். மிதித்தவர்களின் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத்துடிப்பையும் அளந்த ஆய்வு ஒன்று 2011 இல் வெளிவந்தது. சும்மா உட்கார்ந்திருந்த உறவினர், நண்பர்களின் இதயமும் தீ மிதித்தவரின் இதயத்தோடு சேர்ந்து ஏறி இறங்கியிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூராருக்கு அப்படி நடக்கவில்லை. அப்படியானால் அந்நியர் அந்நியராகவே இருக்க வேண்டியதுதானா? இல்லை. 2014 இல் ஆஸ்திரேலியாவில் முன்பின் தெரியாத சிலரைக் குழுவாக உட்காரவைத்து, கைகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தச் சொன்னார்கள். இன்னொரு பரிசோதனையில் கொச்சிக்காய் கடிக்கக் கொடுத்தார்கள். சேர்ந்து வலியை அனுபவித்தவர்கள், வலியில்லாத வேலை செய்தவர்களைவிட நெருக்கமாகவும் ஒத்துழைப்பாகவும் நடந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பது போதாது, கூட அனுபவிக்க வேண்டும் என்றே நான் இவற்றைப் புரிந்துகொள்கிறேன்.

உணர்ச்சியில் ஆபத்தும் இருக்கிறது. கொழும்பில் வாழும் தமிழருக்கு இது நன்றாகத் தெரியும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அவர்களின் உடல்களுக்காகப் பொரளையில் உள்ள கனத்தை மயானத்தில் கூட்டம் காத்திருந்தது. அன்றிரவே பொரளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தூண்டிவிட்டு நடத்தியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அந்த மயானத்தில் நின்ற எத்தனையோ பேரின் துக்கமும் உண்மை. ஆனால் அது ஒரு பக்கத்தார் மட்டும் கூடி நின்ற துக்கம். 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது நாடே அழுதது. அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆகவே துக்க வீட்டில் யார் யார் கூட நிற்கிறார்கள் என்பது பெரிய விசயம்.

மறுபக்கமும் இதே நகரத்தில்தான் நடந்தது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறியபோது சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். அதற்கு முன் பல மாதங்களாக எல்லாரும் ஒரே கேஸ் வரிசையில், ஒரே பெற்றோல் வரிசையில் நின்றிருந்தோம். பேச்சுப் போட்டிகளாலும் கட்டுரைப் போட்டிகளாலும் அந்த நாள் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, பாடசாலை என்ன செய்யலாம்? ஒரு பிள்ளையின் வீட்டில் மரணம் என்றால் காலைக்கூட்டத்தில் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். அதே தரத்தின் மற்ற மொழிமூல வகுப்பிலிருந்தும் பிள்ளைகளை ஆசிரியரோடு அனுப்புங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்தது, இங்கே களனி கங்கை பெருகியது. இனி அப்படி ஒன்று வந்தால் நிவாரணப் பொதி கட்டும் வேலையை வகுப்பு வகுப்பாகப் பிரிக்காதீர்கள். பதுளையில் சொந்தக்காரர் உள்ள தமிழ்ப் பிள்ளையும், கொலன்னாவையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த சிங்களப் பிள்ளையும் ஒரே மேசையில் அரிசி நிறுக்கட்டும். அரைகுறை மொழியில் பேசிக்கொள்வார்கள். இரண்டாம் தேசிய மொழிப் பாடத்தில் படித்த சொற்களுக்கு அங்கேதான் வேலை வரும்.

இதை ஒரு நிகழ்ச்சியாக்கிவிட வேண்டாம். பதாகை, பிரதம விருந்தினர், படப்பிடிப்பு ஒன்றும் வேண்டாம். தன் துயரத்தை மேடையில் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கவும் வேண்டாம். தனியே இருக்க விரும்பும் பிள்ளையைத் தனியே விடுங்கள்.

மொழி தடை என்று சொல்வீர்களானால், இரண்டும் தெரிந்த பெற்றோர் எங்களிடையே நிறையப் பேர். மரணவீட்டுக்குப் பிள்ளைகளோடு கூடவே வந்து, இரு பக்கமும் பேசி உதவ நாங்கள் ஆயத்தம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்
கொட்டாஞ்சேனை