கனடாவில இருக்கிற மகளுக்கு

கிளிநொச்சி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது,

இஞ்ச எல்லாரும் சுகம். உன்ர சுகத்தையும் அறிய ஆவல். போன கிழமை விதைச்சு முடிஞ்சுது. இந்த முறையும் புழுதி விதைப்புத்தான். மழை கொஞ்சம் பிந்தித் துவங்கினாலும் இப்ப பரவாயில்லை, முளை நல்லா வந்திருக்கு. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. சின்னவனுக்கு அறிவியல் நகரில சோதினை நடக்குது. அம்மா அனுப்பின மிளகாய்த்தூளும் ஒடியலும் வந்து சேர்ந்ததோ எண்டு நீ சொல்லேல்ல. அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா.

நான் போனில கதைக்கிற ஆள் இல்லை எண்டு உனக்குத் தெரியும். கொம்மா போனை என்ர கையில தந்தால் "சாப்பிட்டியோ, சரி, வை" எண்டதோட முடிஞ்சிடும். அதுதான் கடதாசியில எழுதுறன். சின்னவன் படம் எடுத்து அனுப்புவான். ஆறுதலா இருந்து வாசி.

நாங்கள் மத்தியானம் சோத்துக்குக் குந்துற நேரம் உங்க விடியப்புறம் மூண்டு மணியாம். அந்த நேரத்தில நீ வட்ஸ்அப்பில நிக்கிறாய். ஒருநாள் ரெண்டுநாள் எண்டால் நான் கேக்கமாட்டன். விடிஞ்சால் வேலைக்கும் போறாய். எப்ப படுக்கிறாய் பிள்ளை? முந்தி வீடியோவில முகத்தைக் காட்டிக் கதைப்பாய், இப்ப படம் இருட்டாக் கிடக்குது, குரல் மட்டும் வருது. "வேலையப்பா, வேலையப்பா" எண்டுறாய். சம்பளம் தாற வேலை அஞ்சு மணியோட முடியுது எண்டு நீதான் முந்திச் சொன்னனி. அப்ப ராவிராவா நடக்கிறது மற்ற வேலை.

அந்த மற்ற வேலையைப் பற்றி நான் சின்னவனிட்டை நல்லா விசாரிச்சன். அவனைப் பேசாதே. நான்தான் விடாமல் கேட்டது. இரவில கரண்ட் போன நேரமெல்லாம் அவனை இருத்தி வைச்சுக் கேட்டு, ஒரு கொப்பியில எழுதியும் வைச்சிருக்கிறன். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதை யூனிகோட்டுக்கு மாத்திற உன்ர அந்தப் புரோகிராம் இப்ப எத்தினை இடத்தில ஓடுது எண்டு அவன் சொன்னான். பழைய பத்திரிகையள், பழைய கந்தோர்க் கடிதங்கள், மலர் வெளியிடுற ஆக்கள், பெரிய பெரிய கொம்பனியள். போன மாதம் பிரதேச செயலகத்துக்குப் போனன், எங்கட கமக்காரர் அமைப்பின்ர பழைய கடிதம் ஒண்டை அங்க இருந்த தங்கச்சி ஒரு நிமிசத்தில மாத்திக் காட்டினா. "இது ஆரோ வெளிநாட்டில இருக்கிற எங்கட பிள்ளை செய்ததாம், சும்மா குடுக்கிறாவாம்" எண்டா. அது என்ர மகள் எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லேல்ல. வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னன், அவ அழுதா.

நீ கம்பசில படிக்கேக்க ஒருநாள் எனக்குக் கையைப் பிடிச்சு விளங்கப்படுத்தினது இன்னும் மறக்கேல்ல. பாமினியில அடிக்கிற நேரம் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எண்டு ஒண்டுமே தெரியாது எண்டாய். எம் அடிச்சால் "அ" மாதிரி ஒரு படம் வரும், கே அடிச்சால் "ம" மாதிரி ஒரு படம் வரும், அவ்வளவுதான். அம்மா எண்டு அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில திறந்தால் அம்மாவும் இல்லை ஒண்டும் இல்லை, இங்கிலீசுக் குப்பைதான். யூனிகோட்டில அப்பிடி இல்லை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே இலக்கம். மாத்திறது லேசு எண்டு நினைச்சன். "கொ"வில வந்து நிண்டாய். பாமினியில முதல் கொம்பை அடிக்கவேணும், பிறகு "க", பிறகு அரவு. யூனிகோட்டில "க" முன்னுக்கு, கொம்பும் அரவும் சேர்ந்த குறி பின்னுக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், உள்ளுக்கு ஒழுங்கு வேற. அதுக்காக நீ விறாந்தையில அரிக்கன் லாம்போட குந்தி இருந்த இருப்பு! கரண்ட் வந்தது கூடத் தெரியாமல் இருந்தனி.

உன்னில எனக்கு எவ்வளவு பெருமை எண்டு நான் ஒருநாளும் வாயால சொன்னதில்லை. இப்ப எழுதுறன்.

ஆனால் படுக்கவும் வேணும், சாப்பிடவும் வேணும்.

சின்னவன் எனக்கு ஒரு கதை சொன்னவன். உனக்கு என்னைவிட நல்லாத் தெரிஞ்ச கதை. எண்டாலும் நான் எழுதுறன், ஏனெண்டால் அதைக் கேட்ட நாளில இருந்து எனக்கு நித்திரை இல்லை. பின்லாந்தில லாசே கொலின் எண்டு ஒருத்தர், எக்ஸ்-செட் எண்ட, கம்ப்யூட்டர்க் கோப்புகளைச் சுருக்கிற புரோகிராமைக் கனகாலமாத் தனிய வைச்சுப் பாத்தவர். ஒரு சதம் சம்பளம் இல்லை. உலகத்தில லினக்ஸ் எண்ட இயங்குதளம் ஓடுற இடம் கிட்டத்தட்ட எல்லாத்திலயும் அது கிடக்குது. 2022இல ஆக்கள் அவரைப் போட்டு நெருக்குகினம், ஏன் சுணக்கம், ஏன் மறுமொழி இல்லை, ஏலாட்டி வேற ஆளிட்டைக் குடு எண்டு. அந்த மனிசன் வெளிப்படையாவே எழுதுறார், தனக்குக் கனநாளா மனசு சுகமில்லை, இது சம்பளமில்லாமல் செய்யிற வேலை எண்டு. அப்பிடி எழுதினாப் பிறகும் நெருக்கினவை, பிள்ளை. அந்த நேரம் ஜியா டான் எண்ட பேரில ஒருத்தன் ஏற்கெனவே நல்ல பிள்ளையா உதவி செய்து கொண்டு நிக்கிறான். ஆறுதலா, மரியாதையா. கடைசியில அவன்ர கையில சாவி போகுது. 2024 மாசியில 5.6.0 எண்ட பதிப்புக்குள்ள கள்ளக் கதவு ஒண்டை வைச்சு வெளியில விடுறான். பங்குனி 29, அன்ரஸ் பிரொய்ண்ட் எண்ட இன்னொருத்தர், லொகின் பண்ண அரைச் செக்கன் கூட எடுக்குது எண்டு குடைஞ்சு குடைஞ்சு போய்ப் பிடிச்சதால உலகம் தப்பினது.

எல்லாரும் அந்தக் கள்ளனைப் பற்றித்தான் கதைக்கினமாம். எனக்கு அந்த பின்லாந்துக்காரரின்ர நினைப்புத்தான். அவருக்கும் ஒரு தாய் தேப்பன் இருந்திருக்கும். தங்கட பிள்ளை மனசு சுகமில்லை எண்டு எழுதினது அதுகளுக்குத் தெரிஞ்சிருக்குமோ, இல்லாட்டி அதுகளும் எங்களை மாதிரி "சாப்பிட்டியோ" எண்டு கேட்டுப்போட்டுப் போனை வைச்சவையோ?

நான் வேற ஒண்டும் கேக்கேல்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கும் ஆக்கள் எழுதினதைச் சின்னவன் வாசிச்சுக் காட்டினவன். எல்லாம் இல்லை, ஒண்டு ரெண்டு. அந்தக் கொம்பனிக்காரன் எழுதினது, நாளைக்குள்ள திருத்தித் தா, ஏலாட்டி ஒதுங்கு எண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் மட்டும் எங்கட ஒழுங்கைக்குள்ள நிண்டிருந்தால்! உன்ர புரோகிராமை வைச்சு அவன் காசு உழைக்கிறான், உனக்குத் தேத்தண்ணிக் காசும் தரேல்ல, வேலைக்காரிக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறான். நீ அவனுக்கு அடுத்த நாளே "மன்னிக்கவும், பிந்திட்டுது" எண்டு எழுதியிருக்கிறாய். என்னத்துக்கு மன்னிப்பு? நீ போட்டிருக்கிற லைசன்ஸைச் சின்னவனைக் கொண்டு வரிக்கு வரி தமிழில சொல்லுவிச்சுக் கேட்டன். இருக்கிறபடி தாறன், ஒரு உத்தரவாதமும் இல்லை, இதால வாற நட்டத்துக்கு நான் பொறுப்பில்லை எண்டு தெளிவாக் கிடக்குது. அதை வாசிச்சு ஏற்றுத்தானே எடுத்தவன்? உனக்கு ஒரு கடனும் இல்லை. இதை நான் திருப்பித் திருப்பிச் சொல்லுவன், உனக்கு ஒரு கடனும் இல்லை.

2014இல ஹார்ட்பிளீட் எண்டு ஒரு பிழை வந்ததாமே. அது வந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ட புரோகிராமில. இணையத்தில போற விபரங்களைப் பூட்டி அனுப்புறது அது, உலகத்தில கனக்க வங்கியள் நம்பியிருந்தது. அதுக்கு வருசத்துக்கு வந்த நன்கொடை ரெண்டாயிரம் டொலர் மட்டிலயாம். முழு நேரம் நிண்டு வேலை செய்தது ஒரே ஒரு ஆள். பிழை வந்த பிறகுதான் பெரிய கொம்பனியள் ஓடி வந்து காசு போட்டவை. நான் வாய்க்காலுக்குப் பொறுப்பா இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணி பங்கிடேக்க, மேலுக்கு நிக்கிறவன் இரவில வரம்பை வெட்டித் தன்ர வயலுக்கு விட்டிடுவான், கடைசி வயல்காரன் வந்து என்ர படலையில நிண்டு கத்துவான். வெட்டினவனை ஒருத்தரும் கேக்கிறேல்ல. கதவு திறக்கிறவன் ஆரெண்டு தெரியும், அவனைக் கேப்பினம். தண்ணி ஒழுங்கா வந்த நாளில ஒருத்தரும் படலைக்கு வாறேல்ல. கொம்மா அந்த நாளில என்னோட பட்ட பாட்டை அவவிட்டைக் கேள். பிறகு கூட்டத்தில எழும்பி, இனி ரெண்டு பேரா, வருசத்துக்கு வருசம் மாறி மாறி எண்டு சொன்னன். முகம் சுழிச்சவை இருந்தவை. இண்டைக்கும் தண்ணி வந்து கொண்டுதான் இருக்கு.

லினஸ் டோர்வால்ட்ஸ் எண்டவரையே பார். 1991இல லினக்ஸைத் துவங்கின ஆள். 2018இல, தான் ஆக்களோட கடுமையாக் கதைச்சது பிழை எண்டு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தவராம். கிரெக் குரோ-ஹார்ட்மன் எண்டவர் அந்த முறை 4.19 எண்ட பதிப்பை வெளியில விட்டவர். லினக்ஸின்ர நடுப்பகுதியான கேர்னல் நிண்டு போகேல்ல. துவங்கின மனிசனே ஒதுங்கி இருக்கலாமெண்டால் என்ர பிள்ளை ஏன் ஒரு மாதம் நித்திரை கொள்ளக்கூடாது?

சகானா எண்ட புரோகிராமைப் பற்றி நீ பள்ளிக்கூடத்தில பேச்சுப் பேசினனி, நினைவிருக்கோ. 2004 சுனாமியில முல்லைத்தீவுக் கரை அள்ளுப்பட்ட பிறகு, எங்கட நாட்டுக் கம்ப்யூட்டர்ப் பெடியள் சம்பளமில்லாமல் எழுதினது. முகாம் விபரம், நிவாரண விபரம், காணாமல் போனவையின்ர பதிவு. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் ஹெயிற்றிக்கும் அது போனது. அந்தப் பேச்சுக்கு முதல் பரிசு எடுத்தனி. காணாமல் போனவையின்ர பதிவு எண்ட இடத்தில நீ கொஞ்சம் நிண்டு போனதை நான் பின் வாங்கில இருந்து பாத்தன்.

பெரியவனைப் பற்றி நாங்கள் வீட்டில கதைக்கிறேல்ல. இதில எழுதுறன்.

மாத்தளன் சண்டையில அவன் காணாமல் போன பிறகு அவனுக்காக நான் குடுத்த கடிதங்கள் எல்லாம் பாமினி. ரவுணில இருந்த கடையில அடிப்பிச்சது. அந்தப் பென்டிரைவைக் கொழும்பில ஒரு கந்தோரில குத்தினபோது ஒரு எழுத்தும் விளங்கேல்ல. அவன்ர பேரே இங்கிலீசுக் கட்டையளாக் கிடந்தது. நீ என்னோட வந்திருந்தனி. பஸ்ஸில வவுனியா வரைக்கும் நீ ஒண்டும் கதைக்கேல்ல. அதுக்குப் பிறகுதான் உன்ர மாத்திற வேலை துவங்கினது எண்டு எனக்குத் தெரியும். நீ சொல்லாட்டியும் தெரியும். முதல் முதல் மாத்திப் பாத்த கடிதம் எது எண்டும் தெரியும், அந்தப் பிரிண்ட் அலுமாரியில இருக்குது.

அதால உனக்கு இதை விட ஏலாமல் இருக்குது எண்டு நான் நினைக்கிறன். பிழையா நினைச்சால் கோவிக்காதே. ஆரோ ஒருத்தன் "என்ர பழைய கடிதம் திறபடேல்ல" எண்டு எழுதினால், அது உனக்கு வேற மாதிரிக் கேக்கும். ஆனால் பிள்ளை, அந்தக் கடிதம் மாத்தியாச்சு. அது இப்ப எந்தக் கம்ப்யூட்டரிலயும் வாசிக்கலாம், அவன்ர பேர் வடிவாத் தெரியுது. நீ செய்யவேண்டினதைச் செய்திட்டாய். இனி இந்த வேலையை நீ இறக்கி வைச்சால் கொண்ணாவை இறக்கி வைக்கிறது எண்டு இல்லை. நானும் கொம்மாவும் அப்பிடி ஒருநாளும் நினைக்கமாட்டம்.

இறக்கி வைக்கிறதெண்டாலும் வழி இருக்காம். புரோகிராமை வைச்சிருக்கிற கிட்ஹப் தளத்தில ஆர்கைவ் பண்ணி, அதாவது பூட்டி வைச்சு விடலாமாம், எடுக்கிறவன் எடுக்கலாம், புதுசா முறைப்பாடு போடேலாது. தேவையெண்டால் தாங்களே ஃபோர்க் பண்ணி, அதாவது தங்களுக்கெண்டு ஒரு பிரதி எடுத்து, கொண்டு போகட்டும். இல்லை, ஆரிட்டையும் குடுக்கப் போறாய் எண்டால், களைப்பில இருக்கிற நேரம் இனிக்க இனிக்கக் கதைச்சு வாற முதல் ஆளிட்டைக் குடாதே. உதவிக்கு வாறவையெல்லாம் கள்ளர் எண்டு நான் சொல்லேல்ல, உன்னட்டையும் ஒருகாலம் ஆரோ நம்பித்தானே ஒப்படைச்சவை. பழகின ரெண்டு பேரா எடு. மொறட்டுவவில உன்னோட படிச்ச அந்தப் பிள்ளை, வீட்டை வந்து கொம்மாவின்ர கூழ் குடிச்சது, அது கெட்டிக்காரி எல்லோ. சின்னவனும் பழகலாம் எண்டு சொல்லுறான். அவனுக்குச் சோதினை முடிய நேரம் இருக்கு. "அக்கா என்னைக் கேட்டாளே இல்லை" எண்டு அவனுக்கு உள்ளுக்க கவலையும் இருக்கு.

ஒரு டொக்டரோட கதைக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை. பொதுவாச் சொல்லுறன். இஞ்ச இப்ப ஆசுப்பத்திரியிலயே அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம், எங்கட சனமும் போகுது. நானும் போனனான், 2011இல. கொம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கொம்பனிக்காரனுக்கு இந்த மாதம் மறுமொழி எழுதாதே. இரவு பத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரை மூடு. தைப்பொங்கலுக்கு வர ஏலுமோ எண்டு பார், ரிக்கெற் காசில கொஞ்சம் நான் போடுவன், நெல்லு வித்தது கையில இருக்கு. ஞாயிற்றுக்கிழமை உங்கட காலமை ஒன்பதுக்கு எடுப்பன். கொம்மாவின்ர போனில இல்லை, என்ர போனில. படத்தைப் போடு, நான் ஒண்டும் கேக்கமாட்டன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மிளகாய்த்தூள் வந்ததோ எண்டு கொம்மாவுக்கு இண்டைக்கே சொல்லு.