டிரங்குப் பெட்டியைத் திறக்கும் முன்: ரயில்வே குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர் வீட்டாருக்கு,

வணக்கம். பென்ஷன் நின்றதும் தாத்தாவின் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வீஸ் ரெஜிஸ்டர் நகல், மாறுதல் உத்தரவு, பி.எஃப். சீட்டு, குடும்பத்தின் பழைய இலவச ரயில் பாஸ் எல்லாம் உங்கள் குடும்பம் ஊர் ஊராக நகர்ந்த கதைக்குச் சாட்சி.

முதலில் முத்திரையைப் பாருங்கள். தென்னக ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல். அதற்கு முந்தைய தாளில் பெரும்பாலும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயின் பெயரோ, சென்னையிலிருந்த மதராஸ் தெற்கு மராட்டா ரயில்வேயின் பெயரோ இருக்கும். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் பூர்வீகம் தெரியவில்லையா? நாகப்பட்டினத்திலும் விசாரியுங்கள், 1920-களின் கடைசியில் பணிமனை அங்கிருந்துதான் வந்தது.

பிறந்த தேதியை அப்படியே நம்பவேண்டாம். பள்ளிச் சான்று இல்லாமல் கலாசியாகவோ (உதவித் தொழிலாளி) கேங்மேனாகவோ (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி) சேர்ந்தவர்களுக்கு வயதை உத்தேசமாகப் போட்டார்கள். பெயரின் ஆங்கில எழுத்துகளும் தாளுக்குத் தாள் மாறும். அப்பா பெயரையும், மச்சம், தழும்பு என்று எழுதிய அங்க அடையாளத்தையும் ஒப்பிட்டால் ஆளை உறுதி செய்யலாம்.

பிறகு ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் மாறுதல் தேதிகள். வலப்பக்கம் பிள்ளைகள் பிறந்த ஊர், பள்ளி மாறிய வருஷம். விழுப்புரம், மானாமதுரை என்று வீடு ஏன் அலைந்தது என்பது அப்போது புரியும். இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில்: தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். மூத்த பிள்ளை பிறந்த ஊரை அப்பா வேலை பார்த்த ஊர் என்று எழுதிவிடாதீர்கள். பாஸில் விதவைத் தாய், மணமாகாத தங்கை பெயர் இருந்தால் அதையும் குறியுங்கள். அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ரயில்வேயில் பென்ஷன் திட்டம் 1957-ல்தான் வந்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்குப் பென்ஷன் புத்தகம் தேடி அலையவேண்டாம், பி.எஃப். கணக்கைத் தேடுங்கள். ரயில்வே கோட்ட அலுவலகத்தில் கேட்பதானால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பெயர், அப்பா பெயர், பதவி, கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷன், ஓய்வு பெற்ற தேதி எல்லாம் எழுதுங்கள். ஈரோட்டுக்காரர் சேலத்தோடு நிற்கக்கூடாது. சேலம் கோட்டம் 2007-ல் உருவானது, அதற்கு முன் ஈரோடு பாலக்காடு கோட்டத்தில் இருந்தது.

தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பின் பசை பழுத்து எழுத்தைக் கெடுக்கும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிட்டு, நிழல் வெளிச்சத்தில், பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள்.

பாட்டி இருந்தால் இன்றே கேளுங்கள். டிரைவர், எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் வீடென்றால் நடுராத்திரியில் வேலைக்குக் கூப்பிடும் ஆள், ‘கால்பாய்’ (call boy), வந்து கதவைத் தட்டுவார்; அவர் நீட்டும் புத்தகத்தில் தாத்தா கையெழுத்துப் போடுவதற்குள் பாட்டி அடுப்பு மூட்டியிருப்பார். வண்டி கிளம்ப எத்தனை மணி நேரம் இருந்தது, கேரியரில் என்ன கட்டினார், தாத்தா எத்தனை நாள் கழித்து வந்தார்? எந்த ரெஜிஸ்டரிலும் இது இல்லை.

இப்படிக்கு,
ரயில்வே குடும்ப ஆவணங்களைப் படித்துத் தொகுப்பவர்கள்