எங்கள் படத்துக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எடிட்டிங், ஒலிக்கலவை, கலர் கிரேடிங் எல்லாம் முடிந்தன. திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபி எடுப்பதுதான் பாக்கி. படத்தின் கடைசியில் மளமளவென்று ஓடும் பெயர்ப் பட்டியலை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட சொல்லிடுங்க" என்று அப்பா வழியாகப் பேசிக்கொள்ளும் அண்ணன் தங்கைகளின் கதை இது. சிரிப்பு வசனத்தில் இல்லை. வசனம் முடிந்த பிறகு யார் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. இதைச் சொல்லி யாரிடமாவது பணம் கேட்டுப் பாருங்கள், தெரியும். "காமெடியா, சோகமா, ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்க" என்பார்கள். அப்படிக் கேட்காமல் பணம் போட்ட நண்பர்களுக்கும், நண்பர்களின் நண்பர்களுக்கும் முதல் நன்றி.

வீட்டைக் கொடுத்த அம்மாவுக்கு அடுத்தது. கூடத்தையும் சமையலறையையும் எங்களிடம் விட்டுவிட்டு, தன் வீட்டிலேயே மாடியறையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார். டேக் ஓடும்போது மின்விசிறி, ஃபிரிட்ஜ் எதுவும் ஓடக்கூடாது. வியர்த்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்.

அந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் எங்கள் ஒலிப்பதிவாளர். டப்பிங் வேண்டாம், நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்ட்தான் என்று முடிவானதும் படத்தின் பாதி பாரம் அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து ரூம் டோன் எடுத்தார். வெறும் அறைக்கும் தனக்கென்று ஒரு ஓசை உண்டு. வசனங்களுக்கு நடுவே அதைப் போட்டு நிரப்பாவிட்டால் மௌனம் மௌனமாகக் கேட்காது, ஸ்பீக்கர் செத்துப்போன மாதிரி இருக்கும். எங்கள் படத்தில் பேசாமல் இருப்பவர்களே அதிகம் என்பதால் அவரிடம் பட்ட கடன் பெரியது.

நடிகர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்று போதும். ஒருவருடைய குளோசப் எடுக்கும்போது எதிரே நிற்க வேண்டியவர் ஓய்வெடுக்கப் போய்விடுவதும், உதவி இயக்குநர் வசனத்தைப் படித்துக்கொடுப்பதும் சகஜம். அப்பாவாக நடித்த பெரியவர் அப்படிப் போகவே இல்லை. கேமரா தன்மேல் இல்லாதபோதும் பக்கத்திலேயே நின்று முழு வசனத்தையும் முழு கோபத்தோடு பேசினார். அந்த மூன்று பிள்ளைகளின் முகத்தில் நீங்கள் பார்க்கப்போகும் திகைப்பு அவர் போட்ட பிச்சை.

எடிட்டருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளை ஊர் அறியும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அதில் 12 ஃபிரேமுக்காக, அதாவது அரை நொடிக்காக, ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறோம். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் வெட்டை அரை நொடி தள்ளிப்போட்டதும் அதே காட்சிக்கு அறையே சிரித்தது. அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் தோராயமாக வெட்டி ஒட்டிய ரஃப் கட்டைப் பார்த்துவிட்டு, சும்மா மரியாதைக்குச் சிரித்துவைக்காதவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இன்னொரு விஷயம். பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று, எழுத்துப் பிழையில்லாமல் அனுப்பிவையுங்கள். பணம் போட்டவர்களில் ஒருவர், தம்பி பெயர் தன் பெயருக்கு மேலே வரக்கூடாது என்கிறார். தம்பியும் அதையே சொல்கிறார், என் வழியாக. ஆகவே எல்லாருக்கும் அகர வரிசைதான்.

அன்புடன்,
இயக்குநர்