விளம்பரத்தைப் போடுங்கோ, கொலைகாரனை விழுங்காதேங்கோ

கொழும்பிலிருந்து ஒளிபரப்பும் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடிப் படம் பார்ப்பவர்கள் சார்பில் எழுதுகிறேன். துப்பறியும் படமென்றால் எங்கள் ஆட்களுக்குப் பைத்தியம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சந்தேக நபர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவார்.

போன மாதம் உங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம்) அப்படியொரு படம் போட்டீர்கள். எல்லாரையும் ஒரே அறையில் இருத்திவிட்டுத் துப்பறிவாளர் வாயைத் திறக்க, பால்மா விளம்பரம். பிறகு சவர்க்காரம், நகைக்கடை. படம் திரும்பி வந்தபோது பொலிஸ் வாகனம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கொப்பியில் நாலு பெயர் வெட்டாமலே கிடந்தது.

விளம்பரம் இல்லாமல் உங்களுக்கும் அடுப்பெரியாது, விளங்குகிறது. ஆனால் அதைப் போட இடமிருக்கிறது. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் புவாரோவாக நடிகர் பீற்றர் உஸ்தினோவ் 1978இலும் 1982இலும் திரையரங்குப் படங்களில் வந்தார். அதே உஸ்தினோவின் புவாரோவை அமெரிக்காவின் சீபீஎஸ் தொலைக்காட்சி 1985இல் 'தேர்ட்டீன் அட் டின்னர்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் தொடர்ந்தது. 1933இல் வந்த கிறிஸ்டியின் மூல நாவலை எண்பதுகளின் லண்டனுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே தொலைக்காட்சிக்கென்றே எழுதும் படத்தில் விளம்பரத்துக்கான நிறுத்தம் கதையிலேயே இருக்கும். ஒரு முடிச்சு விழும், அங்கே நிற்கும். திரையரங்குப் படத்தில் அது கிடையாது. நீங்களோ இரண்டையும் மணிக்கூட்டைப் பார்த்தே வெட்டுகிறீர்கள்.

இந்த 1985 படத்தில் பே டனவே என்ற நடிகைக்கு இரட்டை வேடம்: ஒரு நடிகை, அவளை அச்சொட்டாகப் போலச் செய்யும் இன்னொருத்தி. அதில் ஒரு காட்சி போனாலும் கொலை விளங்காது. (இன்ஸ்பெக்டர் ஜப்பாக வரும் டேவிட் சூஷே 1989இலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் தாமே புவாரோ ஆகிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது தனிச் சுகம்.)

ஆகவே, ஒளிபரப்ப முன்னர் யாரையாவது படத்தை முழுதாகப் பார்க்க விடுங்கள். எங்கே நிறுத்தலாமென்று அவர் குறிக்கட்டும். கடைசிக் கால் மணித்தியாலத்தில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்னர் இரட்டிப்பாகப் போட்டாலும் பொறுத்துக்கொள்வோம். படத்துக்குக் கீழே தமிழில் வசன வரி போடுங்கள், பெரிய எழுத்தில். மாரியில் இங்கே கரண்ட் எப்போது போகுமென்று சொல்ல முடியாது. அதனால் கிழமைக்குள் ஒரு மறுஒளிபரப்பும் வேண்டும், நடுச்சாமத்தில் அல்ல.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு பார்வையாளர்