கால்சைன் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன ஹாம் ரேடியோ கிளப்பின் செயலாளர் எழுதுகிறேன். ஹாம் என்றால் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்.

எங்கள் லாக் புத்தகத்தில் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு வரி உண்டு. தேதி, நேரம், அலைவரிசை, எதிர்முனையில் பேசியவரின் கால்சைன் (லைசென்ஸோடு கிடைக்கும் அழைப்புக்குறி), சிக்னல் எப்படிக் கேட்டது என்று ஓர் எண். அவ்வளவுதான். போன வாரம் ஆண்டுக் கணக்கு முடிக்க அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். வியு2, வியு3 என்று நம் நாட்டுக் கால்சைன்கள், 4எஸ்7 என்று இலங்கைக் கால்சைன்கள், வரி வரியாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பேச்சு நடப்பதற்குக் கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதில் இல்லை. அவர்களிடம் லைசென்ஸ் கிடையாது, கால்சைன் கிடையாது, அதனால் வரியும் கிடையாது. எனக்கு அது உறுத்தலாக இருந்தது. நன்றி மடல் ஒன்று பெயர் போட்டு எழுதட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கும்மா?" என்றார்கள். சரி, போடவில்லை. ஊர்க்காரர்களுக்கு யார் என்று தெரியும்.

முதல் நன்றி ஒரு டிராக்டர் பேட்டரிக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது நான் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். விடிந்து பார்த்தால் ஓடு இல்லை, தெரு இல்லை, தோப்பு இல்லை. கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. போன் செத்துவிட்டது. என் மகள் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். டிவியில் எங்கள் ஊரைக் காட்டக் காட்ட அவள் என்ன பாடு படுவாள் என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. இரண்டாம் நாள், எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தந்தி ஆபீஸ் சாரிடம் ஒரு ரேடியோ இருக்கிறது, அதில் வெளியூருக்குப் பேசுகிறார் என்று சொன்னார்கள். ஓடினேன். சார் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். "அம்மா நலம். ஓடு போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. கிளம்பி வராதே." கோயம்புத்தூரில் முன்பின் பார்த்திராத ஒருவர் அதைக் கேட்டு எழுதி, என் மகளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சரிம்மா. சாப்பிட்டியா?"

சாருக்கும் அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கும் ஊரே நன்றி சொன்னது. அந்த ரேடியோவுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த தெரு விவசாயி ஒருவர், விழுந்த தென்னைகளை இழுக்க டிராக்டர் அவசரமாகத் தேவைப்பட்ட அந்த நேரத்திலும், பேட்டரியைக் கழற்றிச் சாரின் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். பகலில் ரேடியோவுக்கு, சாயங்காலம் டிராக்டருக்கு. இப்படி ஐந்து நாள் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். சாதாரண நாளில் அடுத்தவர் செய்தியை நாங்கள் கடத்தக் கூடாது. தொலைத்தொடர்பு அறுந்துபோன பேரிடர் நேரத்தில் மட்டும் அதற்கு அனுமதி உண்டு. எந்த நாளிலும் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அவரும் வாங்கவில்லை. அண்ணே, என் மகளுக்குப் போன செய்தி உங்கள் தோளில் ஏறித்தான் போனது. இதை நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

அந்த நாளில்தான் நானும் இதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நாற்பத்தேழு வயதில் பரீட்சை எழுதி வியு3 என்று தொடங்கும் கால்சைன் வாங்கினேன்.

அடுத்து, மரம் ஏறுகிற அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

40 மீட்டர் அலைவரிசையில் பேச எங்களுக்கு வேண்டிய ஆன்டெனா ஒரு சாதாரணச் செம்புக் கம்பிதான். பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் இருபது மீட்டர். நடுவிலிருந்து ஒரு கேபிள் இறங்கி ரேடியோவுக்கு வரும். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. டெல்டாவில் அதற்குத் தென்னையை விட நல்ல கம்பம் எது? கஜாவில் தப்பிய இரண்டு மரங்கள் கிளப் இருக்கும் இடத்துக்குப் பின்னால் சரியான தூரத்தில் நிற்கின்றன. தோப்புக்காரர் யோசிக்காமல் சம்மதித்தார். ஆனால் நாங்கள் கட்டிய கம்பி மூன்று முறை அறுந்தது. இரண்டு மரமும் காற்றில் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் நடுவில் மாட்டிய கம்பி என்ன செய்யும்? புத்தகத்தைப் பார்த்தோம், தடிமனான கம்பி போட்டோம். அதுவும் அறுந்தது.

நான்காவது முறை கட்ட ஏறியபோது அண்ணன் பாதி மரத்தில் நின்று, தளைக்கயிற்றில் காலை ஊன்றிக்கொண்டு, மேலிருந்து கேட்டார். "ஏம்மா இதை இறுக்கிக் கட்டுறீங்க? மரம் ஆடத்தானே செய்யும்? அதுக்கு இடம் கொடுக்க வேணாமா?" இறங்கி வீட்டுக்குப் போய் ஒரு பழைய கிணற்று ராட்டினத்தைக் கொண்டுவந்தார். ஒரு மரத்தில் மட்டும் கயிற்றை அந்த ராட்டினத்தின் வழியாக விட்டு, கீழ் நுனியில் மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டார். மரம் விலகினால் கேன் மேலே ஏறும், நெருங்கினால் கீழே இறங்கும், கம்பி எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கும். கயிறு மரத்தை அறுக்காமலிருக்கச் சைக்கிள் டியூபை வெட்டி அடியில் சுற்றினார். அப்புறம் அந்தக் கம்பி அறுந்ததே இல்லை. பிறகு ஆன்டெனா புத்தகம் ஒன்றில் அதே ஏற்பாட்டைப் படமாகப் பார்த்தேன். அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவரில்லை. முப்பது வருஷமாக மரம் ஆடுவதை மேலே இருந்து பார்த்தவர்.

எங்கள் வகுப்புகளுக்கு ஆரம்பத்தில் இடமே இல்லை. ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு தொகை பேசி நடத்தினோம். ஏதோ டவர் வைக்கப் போகிறார்கள், கதிர்வீச்சு வரும் என்று யாரோ கிளப்பிவிட, அடுத்த மாதமே கதவைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வாசலில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். விஷயம் கேள்விப்பட்டு ஒரு தலைமையாசிரியை தன் பள்ளியின் வகுப்பறையையும் மொட்டை மாடிச் சாவியையும் கொடுத்தார். வாடகை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் பிள்ளைகளையும் சேர்த்துக்கணும்."

அந்த மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். இரும்பு டேப்பை வெட்டி, பிவிசி பைப்பில் பூட்டி, எட்டாம் வகுப்பு மாணவிகள் தாங்களே ஒரு யாகி ஆன்டெனா (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் ஆன்டெனா) செய்தார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் போகும்போது, சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும். அன்றைக்குத் தென்மேற்கில் தோன்றி வடகிழக்கில் மறையப் பத்து நிமிடம்தான். ஒரு பெண் ஆன்டெனாவை வானத்தில் மெதுவாக நகர்த்த, இன்னொருத்தி அந்த ஒலியைப் படமாக மாற்றும் செயலி உள்ள போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம். திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஒரு படம் இறங்கத் தொடங்கியது. இரண்டு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. கடைசிக் கால்பாகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துதான் போனது. இருந்தாலும் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தலைமையாசிரியை தன் அறையில் மாட்டியிருக்கிறார். அம்மா, அந்தச் சாவிக்கு நன்றி. பரீட்சை நேரத்தில்கூடத் திருப்பிக் கேட்காமல் இருந்ததற்கு இன்னொரு நன்றி.

புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் வகுப்புக்குத் தந்தி ஆபீஸ் சார்தான் ஆசிரியர். ஜெனரல் கிரேடு லைசென்ஸுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். பிள்ளைகள் புள்ளியையும் கோட்டையும் மனதுக்குள் எண்ணி எண்ணித் திணறினார்கள். "எண்ணாதே, கேள்" என்று சார் எத்தனையோ முறை சொன்னார், ஏறவில்லை. ஒருநாள் தன் மகனை அழைத்துப்போக வந்த தவில் வித்துவான் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டு வந்து உட்கார்ந்தார். "இதை வாயால சொல்லிப் பழகினால்தான் கைக்கு வரும். நாங்க சொற்கட்டு அப்படித்தான் பாடம் பண்றோம்" என்றார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, யாராவது பேச வாருங்கள் என்று அழைக்கும் சீக்யூவுக்கு உரிய "தா தி தா தி, தா தா தி தா" என்பதை அவர் சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. மூன்று வியாழக்கிழமைகள் வந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் எண்ணுவதை விட்டார்கள். சார் மோர்ஸ் தட்டும் தன் பித்தளைக் கருவியை அவர் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னபோது, அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாத்தியத்தைத் தொடும் முன்பு செய்வது போல.

பரீட்சைக்கு ஒன்பது பேர் சென்னைக்குப் போனோம். வேன்காரத் தம்பி டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். ஏழு பேர் தேறினோம், மற்ற இருவரும் மறுபடி எழுதப் போகிறார்கள். தம்பி, அடுத்த தடவையும் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வாரக் கடைசியில் உலகம் முழுக்கக் கலங்கரை விளக்கங்களிலிருந்து ஹாம்கள் பேசும் வழக்கம் உண்டு. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக நாங்கள் கோடியக்கரை போனோம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய விளக்கம் அங்கேதான் இருந்தது. 2004 சுனாமியில் அது இடிந்துபோனது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அதே டிசம்பர் 26 அன்று அந்தமானில் என்ன நடந்தது என்று சார் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஹாம் நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், சுனாமிக்குப் பிறகு அதே ரேடியோக்களை வைத்துத் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

அனுமதிக் கடிதத்தைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்ட கலங்கரை விளக்கப் பணியாளர்களுக்கு நன்றி. சரணாலயம் என்பதால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம், பேட்டரிதான். இரண்டு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட தொடர்புகள். அதில் ஒன்று, ஞாயிறு காலை இலங்கையிலிருந்து வந்த 4எஸ்7. சிக்னல் சொல்லி முடித்ததும் எதிர்முனை தமிழுக்கு மாறியது. "சுகமா இருக்கிறியளோ? உங்கட பக்கம் மழையோ?" மைக்கைப் பிடித்திருந்த மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் ஊர்.

அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்டது கோடியக்கரையில் ஒரு மீனவக் குடும்பம். பதினாறு பேருக்கு. மீன் குழம்புக்குக் காசு கொடுக்கப் போனபோது அந்த அக்கா வாங்கவில்லை. "புயல்ல எங்க போட் ஆளுங்க எங்க இருக்காங்கன்னு தெரியாம ரெண்டு நாள் தவிச்சவ நான். நீங்க படிக்கிற படிப்புக்கு நான் சோறு போடக் கூடாதா?" என்றார். அக்கா, அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஆன்டெனா கம்பத்துக்கு ஜிஐ பைப்பை இனாமாகப் பற்றவைத்துக் கொடுத்த வெல்டிங் பட்டறை அண்ணன், ஞாயிறு தோறும் கணக்கு எழுதாமல் டீ அனுப்பும் கடைக்காரர், பாடக் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்த கல்லூரி மாணவிகள், எல்லாருக்கும் நன்றி. இடி விழும் என்று பயந்து கம்பியைக் கழற்றச் சொன்ன எதிர்வீட்டு ஆச்சிக்கும் நன்றி. நீங்கள் கேட்ட பிறகுதான் எர்த் கம்பியை ஒழுங்காக இறக்கினோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இப்போது மழை இருட்டினால் ஆச்சியே பேரனை அனுப்பி, "கேபிளைக் கழட்டிட்டாங்களான்னு பாரு" என்கிறார்.

ஞாயிறு காலையில் என்னை வீட்டில் தேடாமல் தாங்களே இட்லி ஊற்றிக்கொள்ளும் என் வீட்டாருக்கும், கிளப்பில் உள்ள எல்லார் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லாக் புத்தகத்தின் கடைசியில் நான்கு பக்கம் காலியாக இருந்தது. அங்கே இவர்கள் எல்லாரையும் வரி வரியாக எழுதியிருக்கிறேன். பெயரோடுதான். அதை யாரும் தடுக்க முடியாது, அது எங்கள் புத்தகம். கால்சைன் எழுதும் கட்டத்தில் ராட்டினம், சாவி, சோறு, பேட்டரி என்று இருக்கிறது. சிக்னல் எண் எல்லாருக்கும் 59, அதாவது மிகத் தெளிவு, மிக வலு.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும். அன்றைக்குத் தென்னையில் கயிறு மாற்ற வேண்டும், மழையில் நைந்துவிட்டது. அண்ணன் காலை ஆறு மணிக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் நல்வாழ்த்து).

செயலாளர், கிளப் உறுப்பினர்கள் எல்லார் சார்பிலும்,
பட்டுக்கோட்டை