வீம்பு இல்லை, விஜயா

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு இரண்டாவது கீமோவும் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே எல்லோரும் சுகம். தஞ்சாவூரில் வெயில் குறைந்து, சாயங்காலம் மாடியில் உட்கார முடிகிறது. முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, அதை விடு.

நீ எழுதியதில் ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை. "கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட தக்காளி சாதம், இப்போ டப்பாவைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார். நோய் வந்ததிலிருந்து வீம்பு ஜாஸ்தியாயிடுச்சு." எனக்கு இது வீம்பாகவே படவில்லை. முதல் கீமோ அன்று காலையில் அவருக்குப் பிடிக்குமே என்று தக்காளி சாதம்தானே கட்டிக்கொண்டு போனாய்? அன்று ராத்திரி முழுக்க வாந்தி என்றும் நீதான் எழுதியிருந்தாய். அந்த வாந்தியை உடம்பு தக்காளி சாதத்தின் கணக்கில் எழுதிவிட்டது.

உனக்கே இது நடந்திருக்கிறது. ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம் கேசரி சாப்பிட்ட ராத்திரி நீ வாந்தி எடுத்தாயே! அப்போது விடுதியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கேசரியைத் தொடாத நானும்தான் படுத்துக் கிடந்தேன். கேசரி மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இன்றுவரை கல்யாணப் பந்தியில் கேசரி வந்தால் இலையைக் கையால் மறைக்கிறாய். அண்ணனிடம் மட்டும் "மருந்தாலதான் வாந்தி, சாதத்தால இல்லை" என்று எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று எப்படி நினைக்கிறாய்?

ஜான் கார்சியா என்று ஓர் ஆராய்ச்சியாளர். 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் எலிகள் மேல் கதிர்வீச்சு படும்போது என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது பட்டால் வயிற்றைக் குமட்டும். கதிர்வீச்சு படும் நேரத்தில் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகள், பிறகு அந்தத் தண்ணீரைச் சீந்தவே இல்லை. அதுவரை பாடம் வேறு மாதிரி இருந்தது. இரண்டு விஷயங்கள் சில நொடி இடைவெளியில், பல தடவை சேர்ந்து வந்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டும் என்றே நம்பியிருந்தார்கள். ருசிக்கும் குமட்டலுக்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் ஒரே தடவையில் ஒட்டிக்கொள்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அவருடைய கட்டுரைகளைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. கெட்டுப்போனதைத் தின்ற பிராணி இன்னொரு தடவை தின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அது பிழைக்குமா?

கீமோ எடுத்துக்கொள்ளும் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் இலீன் பெர்ன்ஸ்டீன் 1978இல் எழுதியது அது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் குழந்தைகளுக்கு ஒரு புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து "ஐஸ்கிரீமா, விளையாட்டா?" என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் அந்த ஐஸ்கிரீமை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐஸ்கிரீமை!

இப்போது நீ செய்ய வேண்டியது. 1987இல் பெர்ன்ஸ்டீனும் அவரோடு வேலை செய்தவரும் ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வழக்கமில்லாத சுவையில் ஒரு மிட்டாய். பழி அந்த மிட்டாய் மேல் விழுந்தது, சாப்பாடு தப்பித்தது. அவர்கள் கொடுத்ததில் ஒன்று தேங்காய்ச் சுவை மிட்டாய். நம் வீட்டில் அது எடுபடாது, அண்ணன் தேங்காயிலேயே வளர்ந்தவர். அவர் வாயில் இதுவரை படாத ருசியாக, பின்னால் வெறுத்தாலும் நஷ்டமில்லாத ஒன்றாக இருக்க வேண்டும். வாயில் புண் இருந்தால் எரியும், அதனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு. கீமோ அன்று அவருக்குப் பிடித்த எதையும் கட்டிக்கொண்டு போகாதே. தக்காளி சாதத்தைக் கொஞ்ச காலம் மறந்துவிடு. வற்புறுத்தாதே.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டாலே குமட்டுகிறது என்கிறாரே, அதுவும் நடிப்பு இல்லை. பாவ்லோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஜீரணத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உணவு போடும் ஆளின் காலடிச் சத்தம் கேட்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. அண்ணனுக்கு ஸ்பிரிட் வாசனையும் அப்படித்தான். அந்த ஜீரண ஆராய்ச்சிக்குத்தான் 1904இல் நோபல் பரிசு. பாவ்லோவ் என்றாலே நாய்க்கு மணி அடித்தவர் என்று என் மாணவிகள் பரீட்சைத் தாளில் தவறாமல் ஒரு மணியை வரைந்து வைப்பார்கள். அந்த மனிதர் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி, பஸ்ஸர், விளக்கு என்று என்னவெல்லாமோ வைத்துப் பார்த்தார், உலகம் மணியை மட்டும் பிடித்துக்கொண்டது. சரி, அது என் பழைய கோபம். மருந்து ஏறும் முன்பே வரும் குமட்டலையும் டாக்டரிடம் சொல்லு. சொன்னால்தான் அதற்கும் ஏதாவது செய்வார்.

அப்புறம் உன் பேரன் நிலவன். தரையில் புரண்டு அழுது போனை வாங்கிவிடுகிறான், "அவ்வளவு பிடிவாதம், அப்படியே தாத்தா மாதிரி" என்கிறாய். தாத்தாவிடம் போய் அவன் அழுவதே இல்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, கவனித்தாயா? அழுதால் யாரிடம் கிடைக்கும், யாரிடம் கிடைக்காது என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

உன் மருமகள் முதலில் முடியாது என்கிறாள். அவன் கத்துகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று கடைசியில் கொடுத்துவிடுகிறாள். சில நாள் கொடுப்பதில்லை, சில நாள் கொடுக்கிறாள். இதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், கம்பியை அழுத்தினால் எலிக்குத் தீனி விழும் பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதற்கான தீனி உருண்டைகளைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பார்த்தால், இருக்கும் உருண்டை திங்கள்வரை காணாது போலிருந்தது. சரி, எத்தனை தடவை அழுத்தினாலும் நிமிஷத்துக்கு ஒன்று போதும் என்று விட்டார். எலிகள் சலிக்காமல் கம்பியை அழுத்திக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்துப் பழகிய பிராணி, நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகியது லேசில் விடாது. நாம் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும் இந்த வகைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. போனைக் கொடுத்ததும் அழுகை சட்டென்று நிற்கிறது பார், அந்த நிம்மதி உன் மருமகளுக்குக் கிடைக்கும் பரிசு. அவளும் பழகிக்கொண்டிருக்கிறாள். யார் யாரை வளர்க்கிறார்கள் என்றே தெரியவில்லை.

நிறுத்துவதென்றால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நிறுத்துங்கள். முதல் சில நாள் அழுகை குறையாது, இன்னும் ஓங்கும். அந்த நேரத்தில் மனசு இளகிக் கொடுத்தால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி. அவன் சும்மா சமர்த்தாக விளையாடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். அதை யாரும் செய்வதில்லை, அழுதால்தான் ஓடுகிறோம். அடிக்க மட்டும் வேண்டாம். அடித்தவர் கண்ணில் படாமல் செய்ய மட்டும்தான் கற்றுக்கொள்வான்.

உன் மருமகளிடம் இதைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லிவிடாதே. வேலைக்கும் போய்விட்டு வந்து இதையும் சமாளிக்கிறாள்.

அடுத்த கீமோ தேதி தெரிந்ததும் சொல்லு. நீ அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நிலவனைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். எவ்வளவு அழுதாலும் என்னிடம் ஒன்றும் நடக்காது, என்னுடையது இன்னும் பட்டன் போன்தான்.

அன்புடன்,
கோமதி