அடும்புக் கொடியும் ஒரு வடலியும்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ செய்கிற பொம்மை வீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, அவற்றை வாப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். திண்ணை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் கீழக்கரை வீடேதான். ஆனால் வாசலில் துலிப் வைத்திருக்கிறாயே, நம் உப்புக்காற்றில் துலிப் எந்தக் காலத்தில் பூத்தது? கடையில் கிடைக்கிற பூ வெட்டும் அச்செல்லாம் அந்தப் பூக்களுக்குத்தான், தெரியும். இருந்தாலும் அந்த வாசலுக்கு நம் மணலில் முளைப்பதைச் செய்தால்தான் பொருந்தும்.

முதலில் அடும்பு, நம் கடற்கரை மணலில் படர்கிற கொடி. நீ செய்வது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதானே, ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். அடும்பம்பூ சுமார் இரண்டு அங்குல அகலம். உன் வீட்டுக்கு 4 மில்லிமீட்டர் வரும். இதழ் இதழாக ஒட்டப் போகாதே, அந்தப் பூவில் இதழ்கள் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். ஊதா கலந்த ரோஸ் பூசிய டிஷ்யூவை இரண்டு தாளுக்கு நடுவே வைத்துப் பஞ்சிங் மிஷினால் துளை போடு. 6 மில்லிமீட்டர் வட்டம் விழும். அதை ஸ்பாஞ்சின் மேல் வைத்து மழுங்கிய ஊசியால் நடுவில் அழுத்தினால் குழிந்து அளவுக்கு வந்துவிடும். தொண்டையில் மட்டும் அடர்ந்த ஊதா. காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும் பூ அது. திண்ணையில் விளக்கு எரிகிற காட்சி என்றால் பூவைச் சுருட்டிவிடு.

இலை ஆட்டுக் குளம்பு மாதிரி நுனி பிளந்திருக்கும். தாளை இரண்டு பக்கமும் பூசினால் மட்டும் போதாது, வெட்டிய ஓரத்துக்கும் பச்சை தொட வேண்டும். பொம்மைச் செடியைக் காட்டிக் கொடுப்பதே அந்த வெள்ளைக் கோடுதான். கொடிக்கு மெல்லிய கம்பியில் நூல் சுற்று. அது கணுவுக்குக் கணு வேர் விடுகிற கொடி, அதனால் அங்கங்கே மணலில் அழுத்தி ஒட்டு. எல்லா இலையும் ஒரே பச்சையாக வேண்டாம். நாலைந்து பழுக்கட்டும், ஒன்றிரண்டைப் பூச்சி அரிக்கட்டும்.

மணலை அப்படியே கொட்டாதே. அரை மில்லிமீட்டர் மணிகூட அந்த அளவில் சரளைக்கல்லாகத் தெரியும். மெல்லிய துணியில் சலித்து விழுவதை மட்டும் எடு.

அப்புறம் பனை. முழு மரம் வைக்க ஆசைப்படாதே. அறுபது அடிப் பனை உன் அளவிலேயே ஐந்து அடி வரும், என் பேத்தியைவிட உயரம்! ஒரு வடலி, அதாவது இளம் பனை, போதும், ஐந்து அங்குலத்துக்குள் அடங்கும். அதற்குத் தாள் சரிப்படாது, நிஜக் குருத்தோலைதான். உம்மம்மா பெட்டி முடைய ஓலை வார்வார்களே, அதைவிட மெல்லிசாக வார்ந்து விசிறியாக அடுக்கிக் கட்டு.

செடிச் சட்டி செய்யப் பெவிகால் பசையும் சோள மாவும் சேர்த்துக் கிளறிய மாவே நல்லது. காய்ந்தால் சுருங்கும், கொஞ்சம் பெரிதாகவே பிடி.

கடற்கரை மணலில் முளைக்கிற அந்த முள்ளுப் புல், இராவணன் மீசையை நான் இங்கே செய்து பார்க்கிறேன். பழைய பெயின்ட் பிரஷ் முடி சரியாக வரும் என்று வாப்பா சொல்கிறார். எனக்குத் தென்னை நார்தான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் ஷார்ஜா வருகிறது, ஓலை கொடுத்தனுப்புகிறேன். பச்சைச் சாயம் நானே ஏற்றட்டுமா, வெறும் ஓலை போதுமா? வியாழனுக்குள் சொல்லிவிடு.

உன் உம்மா